ஜேம்ஸ் முறுக்கிய நட்டு

கோவிந்தராஜின் அம்பாசிடருக்கு என்ன வயது என்று கேட்டால் அவருக்கே தெரியாது. பூந்தமல்லி பக்கீர் முகமது அதை டாக்ஸியாக ஓட்டித் தேய்த்து, அந்த வருமானத்திலேயே இரண்டு பெண்களுக்கு நிக்காஹ் முடித்து, கடைசியில் "இனிமே இது உன் பாடு, பாய் கையக் கழுவிட்டேன்" என்று சிரித்துக்கொண்டே இவர் தலையில் கட்டினார். அப்போதே கிலோமீட்டர் காட்டும் எண்கள் ஒரு முழுச் சுற்று முடித்து, மறுபடி பூஜ்யத்திலிருந்து கிளம்பி, பாதி வழியில் அலுத்துப்போய் நின்றுவிட்டிருந்தன. வலது பக்கப் பின்கதவை உள்ளிருந்து திறக்க முடியாது. இடது பக்கத்தை வெளியிலிருந்து திறக்க முடியாது. யாராவது கேலி செய்தால் கோவிந்தராஜ், "யானை படுத்தாலும் குதிரை மட்டம்" என்பார். ஆவடி குவார்ட்டர்ஸ் வாசலில் அந்த யானை பெரும்பாலும் படுத்தேதான் கிடந்தது.

அதில் ஏறிக் கிருஷ்ணகிரி வரைக்கும் போய்த் திரும்புவது என்று எண்பத்தேழாம் வருஷம் மாசி மாதத்தில் முடிவு கட்டியது அவரல்ல, அவர் மனைவி பார்வதம்.

"இன்னாத்துக்கு பார்வதம்? பஸ்ல போய் வளையல் போட்டுட்டு வந்துரலாம். அவதான் வரமாட்டேன்னு சொல்லிட்டாளே" என்றார் கோவிந்தராஜ்.

"வராட்டி போறா. வாசல்ல கார் நின்னாதான், நம்மளக் கூட்டிகினு போவ வந்துகிறாங்கன்னு அவளுக்குத் தெரியும். ஏழு மாசப் புள்ளத்தாச்சிய பஸ்ல வெச்சுக் குலுக்கிகினு வரச் சொல்றியா?"

'அவள்' என்றது கஸ்தூரியை. கோவிந்தராஜின் முதல் மனைவி பெற்ற பெண். பார்வதம் அண்ணனூரிலிருந்து இரண்டாம் தாரமாக இந்த வீட்டுக்குள் காலெடுத்து வைத்தபோது கஸ்தூரிக்கு ஒன்பது வயது. அன்று பார்வதம் ஆசையாக வாங்கிவந்த சிவப்பு ரிப்பனை நீட்ட, பெண் "வேணாம்" என்றது. முறைக்கவில்லை, அழவில்லை. வாசலில் வந்து விற்பவரிடம் சொல்வதுபோல மரியாதையாக ஒரு வேணாம்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. பதினாலு வருஷமும் அதே வேணாம்தான். தோசை ஊற்றட்டுமா, வேணாம். தலை பின்னட்டுமா, நானே பின்னிக்கறேன். பள்ளியில் எல்லாரும் மகாபலிபுரம் போனார்களாம், காசு கேட்டால் வீட்டில் கொடுக்காமலா போவார்கள்? கேட்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரி சொல்லித்தான் பார்வதத்துக்கே தெரியவந்தது. கல்யாணப் புடவை எடுக்கப் போனபோதுகூட, "எதுனாலும் சரி சித்தி" என்று கடையின் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சண்டை போடுகிற பெண்ணோடு சமாதானமாகலாம். ஒன்றுமே கேட்காத பெண்ணோடு என்ன செய்வது? பார்வதத்துக்குத் தன் வயிற்றில் ஒன்று தரிக்கவில்லை. அந்த ஏக்கத்தைவிட, வீட்டிலிருக்கிற ஒன்று தன்னிடம் ஒரு தம்ளர் தண்ணீர் கேட்கவில்லையே என்பதுதான் அவளை அரித்தது.

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது ஊருலக வழக்கம். அதற்கும் கஸ்தூரி வேணாம் என்றுவிட்டாள். மாமியார் வீட்டிலேயே பெற்றுக்கொள்கிறாளாம். செய்தி வந்த அன்றைக்குப் பார்வதம் அரிசி களைந்துகொண்டே அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, இலவம் பஞ்சு வாங்கி, காரின் பின்சீட்டு அளவுக்கு ஒரு மெத்தை தைக்க ஆரம்பித்தாள்.

கார் கிருஷ்ணகிரி போகிறது என்று தெரிந்ததும் குவார்ட்டர்ஸ் வரிசையே ஸ்பேனரோடு இறங்கிவிட்டது. எல்லாரும் டாங்கி ஃபாக்டரி ஆட்கள். போர் வண்டியைப் பிரித்துப் பூட்டுகிறவர்களுக்கு ஒரு அம்பாசிடர் எம்மாத்திரம்? ஆளுக்கொரு பக்கமாகப் புகுந்து விளையாடினார்கள். அதில் பெரிய கை, எதிர் வீட்டு ஜேம்ஸ். ஃபாக்டரியில் சக்கரம் பூட்டுகிற இடத்தில் வேலை. ஆள் பனைமரம், மனசு பனங்கற்கண்டு. நாலு சக்கரத்தையும் கழற்றி, கிரீஸ் வைத்து, மறுபடி மாட்டி, ஸ்பேனரின் வாலில் இடுப்பு உயர இரும்புக் குழாயைச் செருகி, மூச்சைப் பிடித்து ஒவ்வொரு நட்டாக முறுக்கினான்.

"பீரங்கியே சுட்டாலும் இந்த வீலு கயலாது அண்ணாத்தே. கஸ்தூரி வர்ற வண்டியாச்சே" என்று நெற்றி வியர்வையை வழித்துப் போட்டான். குழாயையும் டிக்கியில் வைத்து, "எதுக்கும் இருக்கட்டும்" என்றான்.

விடியற்காலை கிளம்பும்போது பார்வதம் பின்சீட்டில் மெத்தையை விரித்துவிட்டு, சாமான் வைக்க டிக்கியை ஒழித்தாள். சீர்வரிசைத் தட்டு, அதிரசத் தூக்கு எல்லாவற்றையும் அதில் அடைத்தாள். குறுக்கே கிடந்த அந்தக் குழாய்க்கு இடமில்லை, பின்சீட்டில் போட்டால் மெத்தை உறையைக் கிழித்துவிடும்போல இருந்தது. எடுத்துத் தெருக்கதவின் பின்னால் சாத்திவிட்டாள்.

போகும்போது வண்டி சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே போனது. ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்க வேண்டும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்க வேண்டும் என்பது கோவிந்தராஜுக்குத் தெரியும். மேடு வந்தால் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொடுத்து, "இன்னும் கொஞ்சம்தான் ராஜாத்தி" என்பார். வாலாஜாவில் ஒரு தடவை, ஆம்பூரில் ஒரு தடவை நிறுத்தி ரேடியேட்டருக்குத் தண்ணீர் காட்டினார்கள். வழியெல்லாம் பார்வதம் பின்சீட்டில் உட்காரவே இல்லை. மெத்தை அமுங்கிவிடும் என்று முன்சீட்டில் வளையல் கூடையை மடியில் வைத்துக்கொண்டே வந்தாள்.

மறுநாள் வளைகாப்பு. கஸ்தூரி மஞ்சள் பூசிய முகத்தோடு மனையில் உட்கார்ந்திருந்தாள். பூசினாற்போல உடம்பு, கண்ணுக்குக் கீழே லேசாகக் கருமை. பெற்றவர்கள்தான் முதலில் வளையல் போட வேண்டும் என்று யாரோ சொன்னது காதில் விழ, பார்வதம் தானாகவே ஒதுங்கிச் சுவரோரம் நின்றாள். சம்பந்தியம்மா தாயம்மாள்தான் அவள் கையைப் பிடித்து இழுத்துவந்து முன்னால் விட்டார். கஸ்தூரி மற்றவர்களுக்கு நீட்டியதுபோலவே பார்வதத்துக்கும் கையை நீட்டினாள். பார்வதம் கண்ணாடி வளையலை உடையாமல் மெதுவாக ஏற்றினாள்.

பந்தி முடிந்ததும் தாயம்மாள் மருமகளை உட்காரவைத்துப் பேசினார். "நான் ஒண்ணும் அனுப்பாம இல்லம்மா. நீயே போகலைங்கற. அவ்வளவு தூரம் கார் எடுத்துட்டு வந்திருக்காங்க. தலைச்சனுக்குத் தாய்வீடு போகாம இருந்தா ஊர்ல என்னைத்தான் கேப்பாங்க. ஒரு பத்து நாளாவது இருந்துட்டு வா. அப்புறம் சம்பத்து வந்து கூட்டியாந்துருவான்."

மருமகன் சம்பத்தும் தலையாட்டினான். கஸ்தூரி கொஞ்ச நேரம் வளையல்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "சரி அத்தை. பத்து நாள்" என்றாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் காரடிக்கு வந்தபோது கையில் ஒரு சின்னத் துணிப்பை மட்டும் இருந்தது. பிரசவத்துக்குப் போகிற பெண் பெட்டியோடு போவாள். பத்து நாளைக்குப் போகிறவள்தான் பையோடு போவாள். பார்வதம் அந்தப் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். பை கனக்கவே இல்லை.

"மெத்தை எதுக்கு?" என்றாள் கஸ்தூரி.

"சும்மாதான். பழையது ஒண்ணு கெடந்துச்சு" என்றாள் பார்வதம்.

வாணியம்பாடி தாண்டி, ஆம்பூர் தாண்டி, பள்ளிகொண்டாவுக்கு இன்னும் கொஞ்ச தூரம் இருக்கும்போது வண்டி ஒரு பக்கமாக நொண்டியது. கோவிந்தராஜ் ஓரமாகப் புளியமரத்தடியில் நிறுத்திவிட்டுக் கீழே இறங்கிப் பார்த்தார். பின்சக்கரம் பஞ்சர். சப்பென்று தரையில் உட்கார்ந்திருந்தது.

"ஸ்டெப்னி கீது. ரெண்டு நிமிசம்" என்று வேட்டியை மடித்துக் கட்டினார். ஸ்டெப்னியைக் கீழே உருட்டினார். ஜாக்கி போடுவதற்கு முன்னால் நட்டுகளைத் தளர்த்திக்கொள்ளலாம் என்று ஸ்பேனரை மாட்டி அழுத்தினார். அசையவில்லை. குந்தி உட்கார்ந்து இழுத்தார். காலால் உதைத்தார். ஏறி நின்றும் பார்த்தார். கோவிந்தராஜ் ஈர்க்குச்சி உடம்பு. ஸ்பேனர் அவரைத் தாங்கிக்கொண்டு அப்படியே நின்றது. அடுத்த நட்டு, அதற்கடுத்தது, ஐந்தும் அதே கதைதான்.

"அட ஜேம்ஸு! டாங்கிக்கு முறுக்குற மாதிரி முறுக்கித் தொலைச்சிருக்கானே!" என்று தலையில் அடித்துக்கொண்டார். பிறகு சட்டென்று முகம் மலர்ந்தது. "குழாய் வெச்சானே! பார்வதம், டிக்கியில அந்தக் குழாய எடு."

பார்வதம் டிக்கிப் பக்கம் போகவே இல்லை. "அது... மெத்தையக் கிழிச்சுரும்னு கதவாண்ட வெச்சிட்டேன்யா."

திட்டியிருந்தால் தேவலை. அவர் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு மைல்கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டார். கைகாட்டியும் இரண்டு லாரிகள் நிற்காமல் போயின. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கஸ்தூரி காரிலிருந்து இறங்கி மர நிழலில் நின்றாள். முந்தானையால் விசிறிக்கொண்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, வந்த திசையையே பார்த்தாள்.

"நைனா, நான் வேணா அந்தாண்ட ஒரு பஸ் புடிச்சுத் திரும்பிப் போயிடறேன். வாணியம்பாடி போனா கிருஷ்ணகிரி பஸ் கெடைக்கும். உங்களுக்கும் கஷ்டம்."

கோபமாகச் சொல்லவில்லை, நல்லபடியாகத்தான் சொன்னாள். சிவப்பு ரிப்பனுக்குச் சொன்ன அதே குரல். கோவிந்தராஜ் தலையைக் குனிந்துகொண்டார். அந்த மனிதர் இப்போது சரியென்று சொல்லிவிடுவார் என்று பார்வதத்துக்குத் தெரிந்தது. சொல்லிவிட்டால் அவ்வளவுதான். இந்தப் பெண் பஸ் ஏறிப் போய்விடும், குழந்தையையும் அங்கேயே பெற்றுக்கொள்ளும், பிறகு எந்தக் காலத்திலும் ஆவடி வீட்டு வாசலில் பெட்டியோடு வந்து இறங்காது.

"யோவ், எந்திரி. ஸ்பேனர மாட்டு" என்றாள்.

"உன்னால ஆவாது பார்வதம்."

"மாட்டுய்யான்றேன்!"

புடவையை முழங்காலுக்குத் தூக்கி இடுப்பில் செருகினாள். பார்வதம் நல்ல ஆகிருதி. கல்யாணமான புதிதில் குவார்ட்டர்ஸ் பெண்கள், "கோவிந்தராஜு காத்துல பறக்காம இருக்கத்தான் இவளக் கட்டிகினாரு" என்று சிரிப்பார்கள். அப்போதெல்லாம் மனசுக்குள் குமைந்திருக்கிறாள். இன்று காரின் கூரையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, ஸ்பேனரின் கைப்பிடிமேல் இரண்டு காலையும் வைத்து ஏறி நின்றாள். நட்டு அசையவில்லை. ஒரு தடவை எம்பினாள். அசையவில்லை. "அடேய் ஜேம்ஸு, இருடா, ஊட்டுக்கு வந்து உன்னை வெச்சிக்கறேன்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி எம்பிக் குதித்தாள்.

டணார் என்று ஒரு சத்தம். நட்டு விட்டுக்கொடுத்தது, பார்வதமும் தரையில் சப்பென்று உட்கார்ந்தாள்.

பிறகு மரத்தடியில் சிரிப்புச் சத்தம் கேட்டது. கஸ்தூரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். இந்தப் பெண்ணுக்கு இப்படிச் சிரிக்கத் தெரியும் என்பதே பார்வதத்துக்கு அன்றுதான் தெரியும். ஆனால் பார்வதத்தின் முழங்காலுக்குக் கீழே ரத்தம் கசிவதைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"சித்தி! காலப் பாரு! போதும், வா இப்படி!"

"இன்னும் நாலு கீது. நீ தள்ளி நில்லு" என்று பார்வதம் எழுந்தாள்.

"தனியா ஏறாத. என் தோளப் புடிச்சிக்கோ."

"புள்ளத்தாச்சி தோளையா? நல்லா இருக்குது நாயம். போ அந்தாண்ட!"

கஸ்தூரி போகவில்லை. பக்கத்திலேயே நின்று, ஒவ்வொரு தடவையும் "பாத்து, பாத்து" என்று கையை நீட்டியபடி இருந்தாள். ஐந்தாவது நட்டும் தளர்ந்த பிறகு கோவிந்தராஜ் ஜாக்கியைப் போட்டார். "நாளைக்கே உன்னை ஃபாக்டரியில சேத்துடறேன்" என்றார்.

இரண்டு பெண்களும் மரத்தடியில் உட்கார்ந்தார்கள். கஸ்தூரி முந்தானையைத் தண்ணீரில் நனைத்துப் பார்வதத்தின் காலைத் துடைத்துவிட்டாள். புது வளையல்கள் கலகலவென்று சத்தம் போட்டன. அந்தக் கை காலில் பட்டதும் பார்வதத்துக்கு அதுவரை கட்டிவைத்திருந்ததெல்லாம் உடைந்துபோயிற்று.

"ஏண்டி கஸ்தூரி, எங்கிட்ட ஒண்ணுமே கேக்க மாட்டியா நீ? ஒரு தபா, ஒரே ஒரு தபா எதுனா கேளேன். நான் உனக்கு இன்னா பண்ணேன்?"

கஸ்தூரி துடைப்பதை நிறுத்தவில்லை.

"நீ ஒண்ணும் பண்ணல சித்தி. நீ வர்றதுக்கு முந்தின நாளு வேம்புலி பெரியம்மா சொல்லுச்சு. சித்திகிட்ட எதுவும் கேக்காத, இன்னிக்குக் குடுத்துட்டு நாளைக்குச் சொல்லிக் காட்டுவாங்கன்னு. அதான் கேக்கல. நீ சொல்லிக் காட்டற ஆள் இல்லன்னு கொஞ்ச நாள்லயே தெரிஞ்சுபோச்சு. ஆனா அதுக்குள்ள வேணாம்னு சொல்லிச் சொல்லிப் பழகிட்டேன். திடீர்னு எப்படிக் கேக்கறது? வெக்கமா இருந்துச்சு. வருசம் ஆக ஆக இன்னும் வெக்கமாயிடுச்சு."

பார்வதம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கஸ்தூரியைப் பெற்றவளின் அக்கா அந்த வேம்புலியம்மாள் எப்போதோ செத்துப்போய்விட்டாள், அவளோடு சண்டை போடவும் வழியில்லை. பதினாலு வருஷம்! ஒரு ஒன்பது வயதுப் பெண்ணின் வெட்கம் வளர்ந்து கல்யாணமாகிப் பிள்ளைத்தாய்ச்சியாகி இந்தப் புளியமரத்தடியில் வந்து உட்கார்ந்திருக்கிறது. அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. அவள் கஸ்தூரியின் தலையை இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். கஸ்தூரி விலகவில்லை.

அதற்குமேல் வண்டி ஒரு தொந்தரவும் செய்யவில்லை. கஸ்தூரி மெத்தையில் ஒருக்களித்துப் படுத்துத் தூங்கினாள். பார்வதமும் இந்தத் தடவை பின்சீட்டில்தான் உட்கார்ந்தாள், கஸ்தூரியின் கால்கள் அவள் மடியில் இருந்தன. காஞ்சிபுரம் திருப்பம் போய், ஸ்ரீபெரும்புதூரும் போய்விட்டது. பூந்தமல்லி நெருங்கும்போது கஸ்தூரி கண்ணைத் திறக்காமலே கூப்பிட்டாள்.

"சித்தி."

"இன்னாம்மா?"

"ஒண்ணு கேக்கட்டா?"

முன்னால் கோவிந்தராஜின் கால் தானாகவே ஆக்ஸிலரேட்டரிலிருந்து எழும்பியது.

"பருத்திப்பட்டு ஏரி ஜிலேபி கெண்டை. மொறுமொறுன்னு வறுத்துத் தருவியா? சின்ன வயசுல நீ வறுக்கறப்ப வாசனையே ஆளத் தூக்கும். வேணாம்னு சொல்லிட்டு ஜேம்ஸ் மாமா ஊட்டுக்குப் போயிருவேன். அவங்களுக்கு நீ குடுத்தனுப்பின மீனத்தான் அங்க ஒக்காந்து தின்னுட்டு வருவேன்."

"அடிப்பாவி!" என்றாள் பார்வதம். "நாலு துண்டு குடுத்தனுப்பினா தட்டு ஒடனே காலியா வருதேன்னு அந்த ஜேம்ஸு பொண்டாட்டிய நான் எவ்வளவு கரிச்சுக் கொட்டிகிறேன் தெரியுமா?"

கஸ்தூரி சிரித்தாள். சிரித்து முடித்து, "அவரு வர்றப்ப பெரிய பெட்டியையும் எடுத்தாரச் சொல்லணும் நைனா. இந்தப் பையில ஒண்ணுமே இல்ல" என்றாள். கோவிந்தராஜ் "சொல்லிரலாம், சொல்லிரலாம்" என்று வேண்டாத இடத்தில் ஹாரனை அடித்தார்.

அவர்கள் குவார்ட்டர்ஸுக்குள் நுழைந்தபோது பொழுது சாயவில்லை. ஜேம்ஸ் லுங்கியோடு எதிர் வீட்டு வாசலில் நின்றிருந்தான். வண்டியைக் கண்டதும் ஓடிவந்து, முதலில் கஸ்தூரியைப் பார்த்துச் சிரித்தான், பிறகு குனிந்து சக்கரங்களைப் பார்த்தான்.

"எப்படி அண்ணி? நட்டு அசையலையே?"

ஆம்பூரிலிருந்து அவனுக்கென்று பார்வதம் சேர்த்துவைத்திருந்த வசவு கொஞ்சநஞ்சமல்ல. கீழே இறங்கி, அடிபட்ட காலை ஊன்றி நின்று, வாயைத் திறந்தாள். திறந்த வாயில் ஒரு வசவும் வரவில்லை. இவன் மட்டும் மனுஷனாக முறுக்கியிருந்தால் இரண்டு நிமிஷத்தில் சக்கரம் மாற்றிக்கொண்டு வந்திருப்பார்கள். பின்சீட்டில் ஒரு சின்னப் பை வந்திருக்கும், பத்தாம் நாள் திரும்பிப் போயிருக்கும்.

"நல்லா முறுக்கின தம்பி" என்றாள். "நல்லாவே முறுக்கின. இப்ப சைக்கிள எடுத்துகினு பருத்திப்பட்டு ஓடு. ஏரிக்கரையில வலை இழுக்கற நேரம். ஜிலேபி கெண்டை, நல்ல பெருசாப் பாத்து வாங்கியா."

"இன்னா அண்ணி, வந்ததும் வராததுமா மீனு?"

பார்வதத்தின் குரல் தெரு முழுக்கக் கேட்டது. வேண்டுமென்றேதான் அவள் அப்படிச் சத்தமாகச் சொன்னாள்.

"என் பொண்ணு கேட்டுகிறாய்யா!"

ஜேம்ஸ் காருக்குள் கஸ்தூரியைப் பார்த்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். அந்தத் தட்டுகளை யார் காலி செய்தார்கள் என்று தெரிந்தவன் அவன். சட்டைகூடப் போடாமல் சைக்கிளை எடுத்தான்.